வகுப்பறைக்குச் சொல் தேடியவர்கள்: சேலம் முதல் நாமக்கல் வரை

பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டும் என்றால் பி.எட். படித்திருக்க வேண்டும். பாடம் எப்படி நடத்துவது, கரும்பலகையில் எப்படி எழுதுவது, பையன்களைக் கேள்வி கேட்பது எப்படி என்றெல்லாம் அங்கே பயிற்சி உண்டு. கல்லூரியில் பாடம் நடத்த இது எதுவும் தேவையில்லை. முதுகலைப் பட்டம், அதன் மேல் நெட் அல்லது செட் தேர்வு, இல்லாவிட்டால் முனைவர் பட்டம். அவ்வளவுதான். பாடம் தெரியுமா என்று பார்ப்பார்கள். பாடம் சொல்லித் தரத் தெரியுமா என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் குறை அரசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருந்தது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு, 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்' என்ற பெயரில் கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சி மையங்களை ஆரம்பித்தது. ஓரியண்டேஷன், ரெஃப்ரஷர் என்று சில வாரப் பயிற்சிகள். பெயர் இரண்டு முறை மாறிவிட்டது, வேலை அதேதான். பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பல பேர் போய்வருகிறார்கள். போய்வந்த பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று கேட்டால்... சரி, அதை விடுங்கள்.

நான் எழுத வந்தது வேறு. இந்த மையங்கள் வருவதற்கு 70 வருஷம் முன்பே, கல்லூரி வாத்தியாருக்கு வகுப்பில் என்ன துணை வேண்டும் என்று சேலத்தில் சில பேர் யோசித்திருக்கிறார்கள். யோசித்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த விடை ரொம்ப எளிமையானது. வாத்தியாருக்கு முதலில் சொல் வேண்டும்.

1916-ஐ எண்ணிப் பாருங்கள். சேலத்தில் அப்போதே கல்லூரி உண்டு. 1857-ல் பள்ளியாகத் தொடங்கி, 1879-ல் கல்லூரி ஆனது. இன்று அரசு கலைக் கல்லூரி என்று நாம் சொல்வது அதைத்தான். அந்தக் காலத்தில் 'இரண்டாம் நிலை' கல்லூரி. அதாவது எஃப்.ஏ., பின்னால் இன்டர்மீடியட் வரைதான் படிக்கலாம். பி.ஏ. வேண்டும் என்றால் மெட்ராஸுக்கோ திருச்சிக்கோ ரயில் ஏற வேண்டும். ராசிபுரம், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பையன்களுக்கு மேல்படிப்பின் வாசல் இந்தக் கல்லூரிதான். பாடம் ஆங்கிலத்தில், பரீட்சை ஆங்கிலத்தில். வாத்தியாரும் பையனும் வீட்டில் பேசுவது தமிழ். வாத்தியார் தாவரவியலிலோ பௌதிகத்திலோ ஒரு விஷயத்தைத் தமிழில் விளக்கிவிட்டால் புரிந்துவிடும் என்று அவருக்கே தெரியும். ஆனால் விளக்க ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் மாட்டிக்கொள்வார். 'ஆஸிட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வெலாசிட்டி'? 'டென்சிட்டி'? ஒரே வார்த்தைக்கு ஒரு வாத்தியார் ஒன்று சொல்வார், அடுத்த வகுப்பு வாத்தியார் இன்னொன்று சொல்வார்.

அந்த வருஷம் சேலத்தில் 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்' என்ற அமைப்பு உருவானது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் அப்போது சேலத்தில் பேர் போன வக்கீல், சி. ராஜகோபாலாச்சாரியார். ஆமாம், பிற்காலத்து ராஜாஜிதான். உடன் நின்றவர் வெங்கடசுப்பையர். வேதியியல், பௌதிகம், கணிதம், வானவியல், உயிரியல் இவற்றில் வரும் சொற்களுக்கு எளிய தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுப்பது சங்கத்தின் வேலை. இதற்கென்று ஒரு சஞ்சிகையும் வெளியிட்டார்கள்.

ராஜாஜி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கவர்னர் ஜெனரல் பதவி, மதுவிலக்கு, குலக்கல்வித் திட்டம். அவர் அரசியலில் செய்த பல காரியங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல், சாயங்காலத்தில் உட்கார்ந்து ரசாயன வார்த்தைக்குத் தமிழ் தேடினார் என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் 1917-ல் அவர் சேலம் நகராட்சித் தலைவராகவும் ஆனார். பிறகு காந்தி, சிறை, ஆட்சி என்று வாழ்க்கை எங்கேயோ போனாலும் இந்த ஆசை அவரை விடவில்லை. ரசாயனத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொல்லும் 'திண்ணை ரசாயனம்' என்ற புத்தகம் அவர் எழுதியதுதான். தலைப்பைப் பாருங்கள். லேபரட்டரி இல்லை, திண்ணை!

பாண்டிச்சேரியில் இருந்த பாரதியாரும் சேலத்து முயற்சியைக் கவனித்து, சாஸ்திர பரிபாஷை பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் காலத்து அறிவாளிகளுக்கு இது ஏதோ மொழிப் பற்றுக் காரியமாக மட்டும் தெரியவில்லை. நாளைக்கு ஒருவர் தமிழில் பாடப் புத்தகம் எழுத உட்கார்ந்தால் அவருக்கு முன்னால் சொற்கள் தயாராக இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் கவலை அது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சேலம்தான் முதல் இடம் என்று மார்தட்ட முடியாது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர், 1848 முதல் மானிப்பாயில் உள்ளூர் பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட்டார்கள், கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. அதனால் 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். 'மனுஷ அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' என்று பெரிய பெரிய புத்தகங்கள் வந்தன. ரசாயனப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் 'கெமிஸ்தம்'. சிரிக்காதீர்கள், கெமிஸ்ட்ரிக்கு ஒரு தமிழ் வால் ஒட்டியாகிவிட்டது, வகுப்பு நின்றுபோகவில்லை. ஐதராபாத்தில் நிஜாம் 1918-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை உருது மொழிவழியில் தொடங்கியபோது, அதற்கு முந்தைய வருஷமே மொழிபெயர்ப்புக்கென்று தனித் துறை வைத்துச் சம்பளம் கொடுத்து ஆட்களை அமர்த்தினார். கிறீனுக்குப் பின்னால் மிஷன் இருந்தது, உஸ்மானியாவுக்குப் பின்னால் கஜானா இருந்தது. சேலத்துச் சங்கத்துக்குப் பின்னால் சில படித்த மனிதர்களின் ஓய்வு நேரம்தான் இருந்தது. அதனால்தான் அது நீண்ட நாள் ஓடவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் விதை போட்டாகிவிட்டது. 1934-ல் நெல்லையில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. 1936-ல் சென்னையில் கலைச்சொல் மாநாடு. தலைமை விபுலாநந்த அடிகள். மட்டக்களப்புக்காரர், விஞ்ஞானம் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தவர். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார். 1938-ல் சுமார் 10,000 சொற்கள் கொண்ட 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது. அதன் பிறகு வடமொழிச் சொல்லா, தனித்தமிழ்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்வதா என்ற சண்டை பல வருஷம் நடந்தது. 'பிராணவாயு'வா, 'உயிர்வளி'யா, 'ஆக்ஸிஜனா' என்று இன்றைக்கும் நமக்குள் ஓர் ஓட்டெடுப்பு வைக்கலாம்.

இந்தச் சண்டையில் ஒரு விஷயம் காணாமல் போய்விட்டது என்பது என் எண்ணம். சொல் யாருக்காக? பட்டியல் போட்டவர்களுக்காகவா, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனுக்காகவா?

ஓர் உதாரணம். 'ஆக்சிலரேஷன்' என்பதற்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'முடுக்கம்'. நான் பார்த்தவரை மாணவர்கள் இதை ஆங்கிலச் சொல்லைப் போலவே மனப்பாடம் செய்கிறார்கள். திசைவேகம் மாறும் வீதம், மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர், இரண்டு மார்க். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 'முடுக்கு' என்பதிலிருந்து. வண்டி மாட்டை முடுக்குவது, ஏர் மாட்டை முடுக்குவது. நின்ற மாடு நடக்கிறது, நடந்த மாடு ஓடுகிறது. வேகம் மாறுகிறது. அதுதானே ஆக்சிலரேஷன்? இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிஷம் போதும். நம் பக்கத்து வறண்ட காட்டில் மோட்டார் வருவதற்கு முன் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கிணற்று மேட்டிலிருந்து மாடுகள் சரிவில் இறங்கும், சால் மேலே வரும். மாடு ஏன் சரிவில் இறங்கி இழுக்கிறது, மேட்டில் ஏறி இழுப்பதில்லை? மாட்டின் எடையும் சேர்ந்து இழுக்கட்டும் என்றுதான். ஒரு பௌதிக வகுப்பே அங்கே இருக்கிறது. தாத்தா கவலை ஓட்டிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்த ஊர்க் கல்லூரி வகுப்புகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்!

'சூல்' என்றால் தாவரவியலில் 'ஓவ்யூல்'. சோளம் சூல் கட்டுகிறது என்று சொல்லும் அம்மாவுக்குப் பிறந்தவன் அதைப் புதுச் சொல்லாக நினைத்து மனப்பாடம் செய்கிறான் என்றால் தப்பு அவனுடையதா? பட்டியல் மட்டும் போதாது. பட்டியலில் உள்ள சொல்லை மாணவன் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லோடு முடிச்சுப் போட ஓர் ஆள் வேண்டும்.

அந்த முடிச்சுப் போடும் வேலையையே வாழ்க்கையாக வைத்திருந்த ஒருவர் சேலம் நகராட்சிக் கல்லூரிக்கு 1944-ல் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார். ஞா. தேவநேயப் பாவாணர். 1956 வரை 12 வருஷம் அங்கே இருந்தார். அதற்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போனார். பாவாணர் என்றால் குமரிக் கண்டம், உலக முதல் மொழி என்ற முழக்கம்தான் பலருக்குத் தெரியும். அவருடைய முடிவுகளில் பலவற்றை மொழியியலாளர்கள் ஏற்பதில்லை, எனக்கும் அவற்றில் சந்தேகம் உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லைப் பிரித்து அதன் வேரைக் காட்டி, அந்த வேரிலிருந்து கிளைத்த பத்துச் சொற்களை வரிசையாகக் காட்டும் முறை மாணவனுக்கு என்ன செய்யும்? இலக்கணம் என்பது யாரோ எழுதி வைத்த சூத்திரம் இல்லை, நீ தினமும் பேசுவதற்குள்ளேயே அது இருக்கிறது என்று காட்டும். சேலத்தில் இருந்த காலத்தில்தான் 'பழந்தமிழாட்சி' (1952) மாதிரியான ஆராய்ச்சி நூல்களோடு, மாணவர்கள் பிழையில்லாமல் எழுதப் பழகுவதற்கான 'உயர்தரக் கட்டுரை இலக்கணம்' என்ற நூலையும் எழுதினார். இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர், முதல் வருஷப் பையனின் கட்டுரைப் பிழைக்காக ஒரு புத்தகம் எழுத உட்கார்ந்தது எனக்கு அவருடைய ஆராய்ச்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இதில் இன்னொரு மனிதரையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி முதல்வராக இருந்த அ. இராமசாமிக் கவுண்டர். பாவாணர் எளிதில் யாரோடும் ஒத்துப்போகிறவர் இல்லை. வளைந்து கொடுக்காத மனிதர், பல இடங்களில் வேலை பார்த்து, பல இடங்களில் மனம் கசந்து வந்தவர். அப்படிப்பட்டவர் ஓர் இடத்தில் 12 வருஷம் நிம்மதியாக இருந்து படித்தார், எழுதினார், பாடம் நடத்தினார் என்றால் மேலே இருந்தவர் அவரை அவர் போக்கில் விட்டார் என்று அர்த்தம். ஆசிரியருக்குத் துணை செய்வது என்றால் பயிற்சி கொடுப்பது மட்டும்தானா? தொந்தரவு செய்யாமல் இருப்பதும் துணைதான். இப்போது தினம் ஒரு படிவம், வாரம் ஓர் அறிக்கை என்று நிரப்பிக்கொண்டிருக்கும் பேராசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

பாவாணர் வகுப்பில் உட்கார்ந்த ஒரு மாணவர் துரை. மாணிக்கம். சேலம் மாவட்டம் சமுத்திரத்தில் 1933-ல் பிறந்தவர். பெருஞ்சித்திரனார் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1959-ல் 'தென்மொழி' இதழைத் தொடங்கினார். பாவாணர் வயதான காலத்தில் ஆதரவில்லாமல் இருந்தபோது, அவர் கனவு கண்ட சொற்பிறப்பியல் அகராதி வேலைக்காகத் தென்மொழி வாசகர்களிடம் மாதா மாதம் பணம் திரட்டிக் கொடுத்தவர் இந்த மாணவர். அப்புறம்தான் 1974-ல் தமிழக அரசு அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்திப் பாவாணரை இயக்குநர் ஆக்கியது. வாத்தியாருக்குத் துணை செய்த மாணவர் என்று தனியாக ஒரு வரலாறு எழுதினால் முதல் அத்தியாயம் இதுதான்.

இனி தெற்கே நாமக்கல்லுக்கு வருவோம். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 2000களில் நாமக்கல் என்றால் மூன்று விஷயம்: முட்டை, லாரி, ப்ளஸ் டூ மார்க். மாநிலம் முழுக்க இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். விடியற்காலை எழுப்பி இரவு வரை படிப்பு. மே மாதம் ரிசல்ட் வந்தால் மாநில ரேங்க் போஸ்டர் ஊரெல்லாம். 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது, அந்த ஜுரம் கொஞ்சம் தணிந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் மார்க் வாங்க வந்த அதே ஊரில், அந்தப் பள்ளிகளில் சேர முடியாத உள்ளூர்ப் பிள்ளைகள் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்குப் போனார்கள். வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அப்பா லாரியில், தறியில், கோழிப்பண்ணையில், காட்டு வேலையில். பல பேர் தாங்களும் பகுதி நேரம் வேலைக்குப் போகிறவர்கள். இப்போது தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் உயர்கல்விக்கு வருவோர் விகிதம் 47 சதவீதம் (2021-22 கணக்கு, அகில இந்திய அளவில் 28.4). பெருமைதான். அந்த 47-க்குள் வந்தவர்களில் பெரும்பகுதி இவர்கள் மாதிரியானவர்கள். உள்ளே வந்த பிறகு என்ன ஆகிறார்கள் என்பது வகுப்பெடுக்கும் ஆளைப் பொறுத்தது.

அந்தக் கல்லூரியில் பல வருஷம் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' நாவலுக்காக 2014 டிசம்பரிலும் 2015 ஜனவரியிலும் அவருக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. ஆசிரியராக அவர் செய்தவை அந்தச் சத்தத்தில் மறைந்துவிட்டன என்பதுதான் என் வருத்தம்.

2000-ல் அவர் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' வெளியிட்டார். சேலத்துச் சங்கம் மேலிருந்து சொல்லை இறக்கியது என்றால், இவர் கீழேயிருந்து சொல்லை எடுத்தார். விருந்தாளியை 'ஒறம்பரை' என்பதும், மாடு கட்டும் இடத்தைக் 'கட்டுத்தரை' என்பதும் இந்தப் பக்கத்துப் பேச்சு. வகுப்பில் இப்படிப் பேசினால் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்ளும் மாணவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தன் வீட்டுச் சொல் அகராதியில் அச்சாகலாம், அதைத் தொகுத்தவர் தன் வாத்தியார் என்று தெரிந்தால் அவன் அடுத்த தடவை கை தூக்குவான். கேள்வி கேட்காத வகுப்பைக் கேள்வி கேட்க வைக்க இதைவிடப் பெரிய உபாயம் ரெஃப்ரஷர் கோர்ஸில் சொல்லித் தருவார்களா என்று தெரியவில்லை.

மாணவர்களின் தலைமுடியை வைத்துக் கல்வி நிறுவனங்கள் செய்யும் கெடுபிடி பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். 'மயிர்தான் பிரச்சினையா?' என்றே ஒரு கட்டுரைத் தொகுப்பு 2022-ல் வந்தது. தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. முடி வெட்டிக்கொண்டு வா என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பையனுக்கு அன்றைய பாடம் போய்விடுகிறதே, அது ஏன் முகம் சுளிக்க வைப்பதில்லை? அவரிடம் படித்தவர்கள் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 'எங்கள் ஐயா' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. தமிழில் ஒரு கல்லூரி ஆசிரியரைப் பற்றி மாணவர்களே எழுதிய புத்தகங்கள் அதிகம் இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப்படுவது 'கூடு'. நாமக்கல்லில் அவர் வீட்டு மொட்டை மாடியில் மாதந்தோறும் கூடிய ஆய்வுச் சந்திப்பு அது. மாணவர்களும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் கட்டுரை வாசிப்பார்கள், மற்றவர்கள் பேசுவார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, மார்க் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அப்புறம் ஏன் வந்தார்கள்? தான் எழுதியதை முழுசாகக் கேட்க பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு மாணவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்தால் புரியும்.

இந்தக் கூட்டிலிருந்து வந்ததுதான் 2013-ல் காலச்சுவடு வெளியிட்ட 'சாதியும் நானும்'. 32 பேர், தங்கள் வாழ்க்கையில் சாதியை எங்கே எப்படிச் சந்தித்தோம் என்று தன் அனுபவமாக எழுதிய கட்டுரைகள். பாதிக்கப்பட்ட சாதியில் பிறந்தவர்கள் மட்டும் இல்லை, மேலே உட்கார்ந்திருந்த சாதியில் பிறந்தவர்களும் தங்கள் வீட்டில் நடந்ததை எழுதினார்கள். கொங்குப் பகுதியில் இதை ஒரே மாடியில் உட்கார்ந்து ஒருவர் முன் ஒருவர் வாசிப்பது சாதாரணக் காரியம் இல்லை. எழுதியவர்களில் பலருக்கு அச்சில் வந்த முதல் எழுத்தே அதுவாகத்தான் இருக்கும். பின்னர் இதை எழுத்தாளர் அம்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆங்கிலத் தலைப்பு 'பிளாக் காபி இன் எ கோகனட் ஷெல்'. கொட்டாங்குச்சியில் வரக்காப்பி. டம்ளர் இருக்கும் வீட்டில் யாருக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.